பங்களாவின் முன்பக்கம்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தாலும் நடுவில் ஒருமுறை எழுந்துபோய் வேனின் டயரை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா சொல்வார். அந்தச் சக்கரத்தையே பிழைப்பாக்கிக்கொண்டேன். பதினாறு வருஷமாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கண்டி, ஹட்டன், நுவரெலியா, எல்ல, மறுபடி கண்டி என்று ஓடுகிறேன். ஊர் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். நான் செக்குமாடு.

வண்டி ஓட்டுவது பாதி வேலை, பேசுவது மீதி. கினிகத்தேனையைத் தாண்டி மேகம் கண்ணாடியில் உரசத் தொடங்கியதும் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இந்த மலைகளுக்கு ஆட்கள் வந்த கதையைச் சொல்வேன். முதலில் வந்தவர்கள் கும்பிட வந்தவர்கள் என்று ஆரம்பிப்பேன். சிவனொளிபாத மலை உச்சியில் ஒரு காலடி இருக்கிறது. சிவனுடையது என்று நாங்களும், புத்தருடையது என்று சிங்களவர்களும், ஆதாமுடையது என்று முஸ்லிம்களும் ஏறுகிறோம். யாருடையதாக இருந்தாலும் முழங்கால் வலி ஒன்றுதான். அந்தக் காலத்தில் படியும் கிடையாது, கரண்டும் கிடையாது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, யானைக்குப் பயந்து, பாறைக்கடியில் படுத்து ஏறினார்கள். கும்பிட்டார்கள், இறங்கிப் போய்விட்டார்கள். மலை அப்படியே இருந்தது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் உடம்பைத் தேற்றிக்கொள்ள நுவரெலியாவுக்கு ஏறியவனுக்குக் குளிரைக் கண்டதும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. லீக்ஸும் பீட்ரூட்டும் போட்டான், குதிரை ஓட்டினான், குளம் கட்டினான். கோப்பி போட்டான். அது நோயில் போனதும் தேயிலை போட்டான். அதைக் கீழே இறக்க முதலில் ரோடு, பிறகு தண்டவாளம். இன்றைக்கு உலகமே கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற நீல ரயில் ஓடுவது தேயிலைப் பெட்டிக்காகப் போட்ட பாதையில்தான். பெட்டிக்கு வழி போட்டால் பின்னாலேயே மனுஷனும் ஏறி வந்துவிடுகிறான் என்பேன். அந்த இடத்தில் பெரும்பாலும் சிரிப்பார்கள்.

பல வருஷம் எங்கள் ஆட்களைப் பற்றி நான் பேசியதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறார்கள். அதனால் அதையும் சேர்த்துக்கொண்டேன். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கி, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், பலர் வழியிலேயே செத்தார்கள் என்பேன். பின்சீட்டிலிருந்து ஒருவர் மெதுவாக டாய்லெட் எங்கே வரும் என்று கேட்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் மூன்று மணி நேரமாக வளைவுகளில் குலுங்கிக்கொண்டு வருகிறவருக்கு வேறு என்ன தோன்றும்? திரும்பிப் போகும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். எங்கள் ஆட்களிடம் இல்லாமல் போனது அந்தத் தேதிதான்.

கதையின் உச்சத்தை மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு வளைவுக்காக வைத்திருப்பேன். அங்கே திரும்பினால் தேயிலைக்கு மேலே சிவப்புத் தகரக் கூரை ஒன்று தெரியும். தோட்டத்தை நடத்தும் துரை குடியிருந்த பங்களா. இப்போது ஹோட்டல். "அந்த விறாந்தையில் நின்றுகொண்டுதான் துரை ஒரே பார்வையில் முழுத் தோட்டத்தையும் கண்காணித்தார்" என்பேன். எல்லாக் கைகளிலும் போன் உயரும். முன்வாசலில் அவர்களை இறக்கிப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்விடுவேன். டிரைவர்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் அங்கே, சமையல் நடக்கிற குசினிக்குப் பக்கத்தில்.

அது நான் பிறந்த தோட்டம். பங்களாவுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிற லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். அம்மா முப்பத்தெட்டு வருஷம் அங்கே கொழுந்தெடுத்தார். அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்தான் அவருக்குத் தினமும் ஞாபகம் வரும்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் வேலை. மலை என்றால் இங்கே தேயிலைக் காட்டின் ஒரு பகுதி. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே அந்தச் சிவப்புக் கூரை. அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். எனக்கு அடுத்த பிள்ளை. காலையிலிருந்தே இடுப்பு வலி. பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல், தண்ணீர் வடியும் கான் ஓரத்தில் கொஞ்சம் உட்காரட்டுமா என்று, வேலை வாங்கும் கங்காணியிடம் கேட்டார். கங்காணி வேறு யாருமில்லை, என் அப்பாதான். அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "துரை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. கொழுந்து நிறுக்குற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு." அம்மா நின்றார். செங்குத்தான சரிவில், கூடையோடு, பன்னிரண்டு மணி வரை நின்றார். அன்று பின்னேரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் பிள்ளை செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை.

அப்பாமீது அம்மாவுக்குக் கோபம் இருந்ததில்லை. "அவரு என்னா செய்வாரு? பொண்டாட்டிக்குச் சலுகை குடுக்குறான்னு கங்காணி வேலையைப் புடுங்கிருப்பாங்க. அந்தாளுல்ல பாத்துக்கிட்டு நின்னாரு" என்பார். அந்தாள் என்றால் துரை. அது வெள்ளைத்துரைகள் போய் நம் நாட்டுத் துரைகள் வந்துவிட்ட காலம். அந்தத் துரை வேறு தோட்டத்துக்கு மாறி, ஓய்வெடுத்து, ஒருவேளை செத்தும் போயிருப்பார். அம்மாவின் கணக்கில் அவர் இன்னும் அந்த வாசலில்தான் நின்றார். சிவப்புக் கூரை கண்ணில் பட்டால் போதும், மண்ணை வாரித் தூற்றாத குறையாக ஏதாவது முணுமுணுப்பார். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளியில் போனபோது ஊரே மெச்சும்படி அழுது அனுப்பினார்.

போன வருஷம் அம்மாவின் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வரும் வழியில் வண்டிக்குள்ளேயே கேட்டார்.

"ஊரு உலகத்தையெல்லாம் அந்தப் பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போற. என்னைய ஒருதரம் கூட்டிட்டுப் போ."

"அங்க என்னாம்மா இருக்கு?"

"அந்தாளு நின்ன எடத்துல நின்னு பாக்கணும். நான் வலியில நெளியுறது அங்கேருந்து தெரியுமா தெரியாதான்னு பாக்கணும். தெரிஞ்சும் நிக்க வச்சாரா, தெரியாம நிக்க வச்சாரா? அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

"நல்லாத் தெரியும்மா" என்றேன். "அங்கேருந்து பாத்தா முழுத் தோட்டமும் தெரியும்." பதினாறு வருஷமாகச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாக்கியம். தடங்கலில்லாமல் வந்தது.

அப்புறமும் ஆறு மாதம் இழுத்தேன். இந்த வாரம் ஆள் இருக்கிறது, அடுத்த வாரம் மழை, அதற்கடுத்த வாரம் வண்டி கராஜில். ஓடிக்கொண்டே இருப்பவனுக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. தெரிகிறது என்று ஆனால் அம்மா அங்கேயே உடைந்துபோவாரோ என்று பயம். கடைசியில் மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இரண்டு பேருக்குப் பின்னேரத் தேநீர் என்று போனிலேயே பதிந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்காக எத்தனையோ தடவை பதிந்திருக்கிறேன். சொந்தப் பெயரைக் கொடுக்கும்போது நாக்கு தடுமாறியது.

அம்மா கலியாண வீடுகளுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, இரண்டு மணிக்கே, மஸ்கெலியாவில் இப்போது நாங்கள் இருக்கிற வீட்டு வாசலில் நின்றார். பின்னால் சொகுசாக உட்காருங்கள், கஸ்டமர் மாதிரி என்றேன். "நான் என்னா வெள்ளக்காரியா?" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பயணம் என்றால் கோயில், சாவு வீடு, ஆஸ்பத்திரி. மூன்றுமில்லாமல் சும்மா ஓரிடத்தைப் பார்க்கப் போவது அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. சிவனொளிபாத சீசன் என்பதால் ரோடு முழுக்க நெரிசல். முகப்பில் கமுகம்பாளை கட்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நான் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. "எதுக்குடா பறக்குற? சாமிக்குப் போற சனம்" என்றார் அம்மா. ஆனால் அவர் கையும் சேலை முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாகவே இருந்தது.

பங்களாவின் கேட்டைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். மேலே போவது முன்வாசலுக்கு, கீழே இறங்குவது குசினிக்கு. அங்கே நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் என் கையை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாக ஸ்டியரிங்கைக் கீழே திருப்பிவிட்டது. டிரைவர் அறைக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கம்போல ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. பங்களாவுக்கு எங்கள் ஆட்கள் வருகிற வழி அதுதானே. இறங்கிக் குசினிப் படியருகே செருப்பைக் கழற்றிவிட்டார். சமையல்காரர் எங்கள் லயத்துக்காரர், அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர். "வாங்கக்கா, என்னா இந்தப் பக்கம்?" என்று ஒரு டம்ளர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா படியில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் என் போன் அடித்தது. ஹோட்டல் மனேஜர். முன்பக்கம் மேசை போட்டு, கேக் எல்லாம் வைத்துக் காத்திருக்கிறோம், சேர், எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். அவர் குரல் போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. வந்துவிட்டோம், குசினிப் பக்கம் நிற்கிறோம் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, அங்கே ஏன் போனீர்கள் என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். அவமானத்தில் காது சுட்டது. யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் சமையல்காரரிடம் எரிந்து விழுந்தேன். "அம்மா இன்னைக்கு கெஸ்ட்டு. இங்க ஏன் தேத்தண்ணி குடுத்தீங்க?" பாவம், அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அவரை ஏன்டா திட்டுற? வண்டியைத் திருப்புனது நீதானே" என்றார் அம்மா, எழுந்துகொண்டே.

சுவரோரமாக நடந்து முன்பக்கம் போனோம். செருப்பைக் குசினிப் படியிலேயே விட்டுவிட்டார். எடுத்து வரட்டுமா என்றதற்குப் புல்லு மெத்துன்னு இருக்கு, வேணாம் என்றார். மூலையைத் திரும்பியதும் நான் அப்படியே நின்றேன். எத்தனையோ நூறு பேரை இங்கே இறக்கியிருக்கிறேன். ஆனால் இறக்கிவிட்டுத் திரும்பும் இடம் வாசல் படியோடு சரி. புல்வெளியில் என் கால் பட்டது அன்றுதான். விறாந்தையை நான் முழுதாகப் பார்த்ததும் அன்றுதான்.

என் கதையில் வருவதைவிட அழகாகவே இருந்தது. புல்வெளி சரிந்து போய் முடிகிற இடத்தில் நீர்த்தேக்கம், அதற்கு அப்பால் சிவனொளிபாத மலை கூம்பாக நின்றது. வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. மனேஜர் எங்களை விறாந்தைக்கு அழைத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கைப்பக்கம் திரும்பினார். ஏழாம் நம்பர் மலை அந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்கம் மரங்கள் நின்றன. சைப்ரஸ் மரங்கள், ஆள் நுழைய இடமில்லாமல் நெருக்கி நட்ட ஒரே வரிசை. விறாந்தையின் மூலையில் தொடங்கிப் புல்வெளியின் கடைசி வரைக்கும் போனது. மூன்றாள் உயரம். அடிமரத்தை ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது.

"மலை எங்கடா?" என்றார் அம்மா.

"இருங்கம்மா, அந்தக் கோடியில போனா தெரியும்."

கோடிக்குப் போனோம். தெரியவில்லை. திரும்பி வாசல் படியில் ஏறிப் பார்த்தோம், தெரியவில்லை. நான் ஒரு கல் தொட்டியின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன், பச்சை இலைதான். வெளிநாட்டுத் தம்பதி புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு எங்களையே பார்த்தது. எனக்கு வெறியே பிடித்துவிட்டது. மனேஜரிடம் போய், ஏழாம் நம்பர் மலை எங்கிருந்து தெரியும், மாடி ஜன்னலிலிருந்தாவது தெரியுமா என்று கேட்டேன். எங்கிருந்தும் தெரியாது என்றார். பிறகு, மற்றவர்களுக்குச் சொல்கிற அதே பெருமையோடு விளக்கினார். முதல் வெள்ளைத்துரையின் மனைவிக்கு லயங்களும் வேலையாட்களும் கண்ணில் படுவது பிடிக்கவில்லையாம். அவர்தான் இந்த மரங்களை நட வைத்தாராம். விருந்தினர்களுக்கும் தனிமை கிடைக்கிறது என்று இன்றுவரை வெட்டாமல் வைத்திருக்கிறார்களாம். உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தையும் காட்டினார். குடை பிடித்த வெள்ளைக்காரி ஒருத்தி. பக்கத்தில் அதே வரிசை, அப்போதே அவள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு மரங்களுக்கு மேல் கூரை தெரியும். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்களைத் தெரியாது.

திரும்பி வந்தபோது அம்மா மரத்தடியில் நின்றார். மனேஜர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். பதினாறு வருஷம் ஊரெல்லாம் கூட்டி வந்து அளந்த கதை பொய் என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. அந்தப் பொய்யை அம்மாவிடமும் சத்தியம் மாதிரிச் சொல்லியிருந்தேன்.

"அப்ப அந்தாளு என்னையப் பாக்கவே இல்ல" என்றார் அம்மா.

"பாத்துருக்க முடியாதும்மா."

"இம்புட்டு வருசமும் அவரைச் சும்மாவே சபிச்சிருக்கேன்."

எதையாவது சொல்லி அந்த இடத்தைவிட்டு அவரைக் கிளப்பிவிட வேண்டும் என்று மனசு பறந்தது. "அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. அவரும் நம்மளை மாதிரிப் பின்வாசல் ஆளுதானே. வாசல்ல நிக்கிறாருன்னு நெனச்சுத்தான் சொல்லிருப்பாரு."

அம்மா தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு கொத்தை முறித்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோன கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"கங்காணியாகுறதுக்கு முந்தி உங்கப்பாவுக்கு இந்தப் பங்களாப் பூந்தோட்டத்துலதான் வேலை" என்றார். "கலியாணம் கட்டுன புதுசுல அவரு கையில இந்த வாசம்தான் வரும். எத்தனை சவுக்காரம் போட்டுக் கழுவுனாலும் பிசின் போவாது. மரத்துக்குக் கொப்பு வெட்டுறேன்னுவாரு. எந்த மரம்னு நான் கேட்டதில்ல."

நான் சாவிக்கொத்தைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து தெரியாது என்று தெரிந்தே அப்படிச் சொன்ன அப்பாவின் பக்கம் நின்று பேச ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். பயந்திருப்பார். மற்றப் பெண்களும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று அவர் கண்டாரா?

"நேரமாச்சும்மா, போவோம்" என்றேன்.

அம்மா பக்கத்திலிருந்த வெள்ளை நாற்காலியை மரத்தின் பக்கமாகத் திருப்பிப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நீ போய் வண்டியில இரு. நான் அப்புறம் வர்றேன்."

நான் நகரவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"யாருமே பாக்கலடா. உங்கப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் உக்காந்துருப்பேன்."